மருத்துவமனையில் தங்கும்போது செல்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் சில நாள் தங்கப் போகிறவர்கள் மாற்றுத்துணி, பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரை என எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்து வைத்துவிடுவார்கள். போனைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை, அது எப்படியும் கையில்தானே இருக்கும் என்ற எண்ணம். உள்ளே போன பிறகுதான் சார்ஜர் வயர் எட்டாது, சிக்னல் வராது, சொந்தக்காரர்கள் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். படுக்கையில் இருப்பவருக்குத் தன் ஆட்களின் குரல் மருந்துக்கு அடுத்தபடியாக வேண்டியது என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் குரல் அவர் விரும்பும் நேரத்தில், விரும்பும் அளவுக்குத்தான் வர வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை வைத்துத்தான் எழுதப்பட்டவை.

மருத்துவமனைக்குள் செல்போன் பயன்படுத்தலாமா? முன்பெல்லாம் தடை இருந்ததே?

இப்போது பெரும்பாலான இடங்களில் வார்டிலும் தனி அறையிலும் பயன்படுத்தலாம். 1990களில் தடை பரவலாக இருந்ததற்குக் காரணம், போனின் ரேடியோ அலைகள் மருத்துவக் கருவிகளைக் குழப்பிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. 1997இல் பிரிட்டனில் நடந்த சோதனைகளில், ஒரு மீட்டர் தூரத்தில் செல்போனை வைத்தபோது சுமார் 4 சதவீதம் கருவிகளில் பாதிப்பு தெரிந்தது. 2007இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், 75 நோயாளி அறைகளில் 300 முறை சோதித்துப் பார்த்தார்கள். சாதாரணமாகப் போன் பேசியதால் சிகிச்சையைப் பாதிக்கும்படியான குழப்பம் ஒரு முறைகூட வரவில்லை. அதே ஆண்டு நெதர்லாந்தில் ஐசியூ கருவிகள் 61ஐ எடுத்து, அலையின் மூலத்தை மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது 26 கருவிகள் தடுமாறின. பாதிப்பு தெரிந்த தூரம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான்.

இரண்டு முடிவுகளுக்கும் முரண்பாடு இல்லை. போன் உள்ளே இருப்பது பிரச்சினையில்லை, கருவியை ஒட்டி இருப்பதுதான் பிரச்சினை. 2009இல் பிரிட்டன் சுகாதாரத் துறையும், நோயாளியின் பாதுகாப்புக்கோ அந்தரங்கத்துக்கோ கருவிகளின் வேலைக்கோ இடையூறு இல்லாத இடங்களில் போனை அனுமதிக்கலாம் என்று வழிகாட்டியது. இருந்தாலும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி விதி உண்டு. அட்மிஷன் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவிகளிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நினைவில் நிற்க எளிது. தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் ஊசி மருந்து பம்பின் மேல்பக்கம் தட்டையாக இருக்கும். வேறு இடம் இல்லாததால் துணைக்கு வந்தவர் போனை அதன் மேலேயே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். வென்டிலேட்டர், மானிட்டர் மேலும் இப்படித்தான். அதை மட்டும் செய்யவே கூடாது.

இன்னொன்று, சிக்னல் குறைவாக இருக்கும் இடத்தில் போன் டவரை எட்டிப்பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். பழைய 2ஜி போன்கள் உச்சகட்டமாக 2 வாட் வரை அனுப்பும். 4ஜியில் அது பெரும்பாலும் 0.2 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே பழைய பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். போன் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். சட்டையின் மேல் பாக்கெட்டில் போனைப் போடாதீர்கள், படுத்தபடி மார்பின் மேல் வைத்து வீடியோவும் பார்க்காதீர்கள். இடைவெளி 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். இங்கே ரேடியோ அலையைவிட காந்தத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் பல போன்களின் முதுகில் காந்த வளையம் இருக்கிறது. காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் வேறு முறைக்கு மாறிவிடலாம், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் ஐசிடி கருவி தற்காலிகமாக வேலையை நிறுத்திவிடலாம். அப்படி நின்றதை 2021இல் மருத்துவர்கள் செய்துகாட்டி வெளியிட்டார்கள். காந்தத்தை விலக்கியதும் கருவி பழையபடி இயங்கத் தொடங்கும். வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். காந்த மூடி போட்ட போன் உறைகளும் இயர்போன் டப்பாக்களும் இதே கணக்குதான்.

ஸ்கேன் எடுக்கப் போகும்போது போனை எடுத்துப் போகலாமா?

எம்ஆர்ஐ அறைக்குள் கூடவே கூடாது. அந்தக் காந்தம் ஸ்கேன் நடக்காத நேரத்திலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், அணைத்து வைக்கும் வழக்கமில்லை. போனை இழுத்து எறிந்துவிடலாம், போனும் பாழாகும். துணைக்கு உள்ளே வருபவருக்கும் இதே விதிதான், அவர் பாக்கெட்டையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எக்ஸ்ரே, சிடி ஸ்கேனுக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் படம் எடுக்கும் இடத்தில் போன் இருந்தால் படத்தில் அதுவும் விழும்.

எம்ஆர்ஐ பற்றி ஒரு சின்னத் தகவல். 2018இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் புதிய எம்ஆர்ஐ கருவியை நிறுவும்போது, அதன் காந்தத்தைக் குளிரவைக்கும் ஹீலியம் வாயு கசிந்து காற்றோட்டக் குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் பரவியது. அங்கிருந்தவர்களின் ஐபோன்கள் திடீரென்று செத்துப்போயின, ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஐபோன்களுக்குள் நேரம் காட்டும் மிக நுண்ணிய அதிர்வுச் சில்லுக்குள் ஹீலியம் புகுந்துகொண்டதுதான் காரணம். பெரும்பாலானவை சில நாளில் தானாகவே உயிர் பெற்றன.

அறைக்குள் சிக்னலே வருவதில்லை. என்ன செய்வது?

மருத்துவமனைக் கட்டடம் சிக்னலுக்கு எதிரி. எக்ஸ்ரே, சிடி அறைகளின் சுவரில் ஈயத்தகடு இருக்கும். எம்ஆர்ஐ அறையைச் சுற்றிலும் ரேடியோ அலை புகாதபடி செம்பு போன்ற உலோகக் கூண்டு இருக்கும். பல ஐசியூக்கள் கட்டடத்தின் நடுவில், ஜன்னலே இல்லாமல் இருக்கும். போனைத் திட்டிப் பயனில்லை.

முதலில் வைஃபை காலிங் வசதியைப் போனின் செட்டிங்ஸில் போட்டு வையுங்கள். உங்கள் நெட்வொர்க் அதை ஆதரித்தால், மருத்துவமனை வைஃபையிலேயே உங்கள் வழக்கமான எண்ணுக்கு அழைப்பு வரும், எதிரே இருப்பவர் எதுவும் மாற்ற வேண்டியதில்லை. இதை வீட்டிலேயே போட்டு ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அப்புறம், வைஃபை பாஸ்வேர்டு சில இடங்களில் ஒரு நாளைக்கு மட்டும்தான் செல்லும். தினமும் புதுப்பிக்கச் சொல்லும் அந்தப் பக்கத்தை நோயாளியால் நிரப்ப முடியாது, துணைக்கு இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டாவது சிம் வேறு நெட்வொர்க்காக இருக்கட்டும். எதுவுமே ஆகவில்லை என்றால் வார்டின் லேண்ட்லைன் எண்ணைக் குறித்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மிகப் பழைய வழி, இன்றைக்கும் கைவிடாத வழி.

சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும். வைஃபை மட்டும் இருக்கும் இடத்தில் போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்துகொண்டால் சார்ஜ் நெடுநேரம் நிற்கும்.

சார்ஜ் போடுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பிளக் எதையும் கேட்காமல் பிடுங்காதீர்கள். பிளக் பாயின்ட் காலியாகத் தெரிந்தாலும் அது அவசரக் கருவிக்காக ஒதுக்கி வைத்ததாக இருக்கலாம். எந்தப் பிளக்கில் போடலாம் என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், காட்டிவிடுவார். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்து மாட்டுவதைப் பல மருத்துவமனைகள் அனுமதிப்பதில்லை.

வயர் இரண்டு மீட்டராவது நீளமாக இருக்க வேண்டும். நீளமான வயர் தரையில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், இரவில் கழிவறைக்கு எழும் நோயாளியே கூட விழலாம். கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தோடு சேர்த்துச் சின்ன டேப் துண்டால் ஒட்டி, நுனி மட்டும் கைக்கு எட்டும்படி விடுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இருந்தால் 5,000 எம்ஏஎச் போனை ஒரு முறை முழுதாக ஏற்றி, மேற்கொண்டும் கொஞ்சம் தரும். ஸ்கேனுக்கு வெளியே காத்திருக்கும் நேரத்துக்கு அது போதும்.

சார்ஜ் ஏறும் போனையோ பவர் பேங்கையோ தலையணைக்கு அடியிலும் போர்வைக்குள்ளும் வைக்கக் கூடாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். ஆக்சிஜன் அதிகமாக இருக்கும் இடத்தில் துணி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கட்டிலில் போனை எங்கே வைப்பது?

மெத்தை ஓரத்தில் வைக்க வேண்டாம். தலைப்பக்கம் உயரும் கட்டிலில் சாய்வை ஏற்றும்போது போன் நழுவி, மெத்தைக்கும் பக்கக் கம்பிக்கும் இடையில் விழும். சாய்வை இறக்கும்போது இரும்புச் சட்டத்தில் அகப்பட்டு நசுங்கும். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. தோளில் மாட்டும் சின்னத் துணிப்பையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால், போன், கண்ணாடி, இயர்போன் மூன்றும் அதிலேயே இருக்கும்.

கையில் ட்ரிப்ஸ் ஊசி இருக்கிறது. போனைப் பிடிக்கவே முடியவில்லை.

முழங்கை மடிப்பில் ஊசி போட்டிருந்தால், போனைக் காதில் வைக்கக் கையை மடக்கியதும் குழாய் அடைபடும், பம்ப் அலாரம் அடிக்கும், நர்ஸ் ஓடி வருவார். திரும்பத் திரும்ப இதுவே நடக்கும். ஊசி போடுவதற்கு முன்பே, “நான் எழுதுவது வலது கையால், முடிந்தால் இடது கையில் போடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். நரம்பு கிடைத்தால் பெரும்பாலும் கேட்பார்கள். போட்ட பிறகு என்றால், மைக் உள்ள இயர்போனும், சாப்பாட்டு மேஜையில் நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டும்தான் வழி. விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டியிருந்தால், டைப் அடிக்க அதைக் கழற்றக் கூடாது. வேறு விரலுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது பேசியே மெசேஜ் அனுப்புங்கள்.

அட்மிட் ஆவதற்கு முதல் நாள் போனில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

அரைமணி நேர வேலைதான், ஆனால் பிறகு எவ்வளவோ அலைச்சலை மிச்சம் செய்யும்.

போனின் லாக் திறக்காமலேயே தெரியும்படி அவசரத் தகவலை நிரப்புங்கள். ஐபோனில் ஹெல்த் செயலியில் மெடிக்கல் ஐடி என்று இருக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதியில் இருக்கும். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, சாப்பிடும் மாத்திரைகள், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் போடலாம்.

முக்கியமான நான்கைந்து எண்களை ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். போன் அணைந்துபோனால் சொந்த மகளின் எண்கூட நினைவுக்கு வராது, யாருக்கும் எண் மனப்பாடம் இல்லாத காலம் இது.

விரல் ரேகையை மட்டும் நம்பாதீர்கள். விரலில் கட்டு, முகத்தில் மாஸ்க், முக வீக்கம் ஏதாவது ஒன்று வந்தால் போன் உங்களை அடையாளம் காணாது. பின் நம்பர் உங்களுக்கும் நீங்கள் முழுதாக நம்பும் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, இன்சூரன்ஸ் அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். டேட்டா பேக், ரீசார்ஜ் நடுவில் முடிந்துவிடாமல் பாருங்கள். அலாரங்களை அணையுங்கள், காலை ஐந்து மணி அலாரம் வார்டு முழுவதையும் எழுப்பிவிடும்.

ஆபரேஷன் அன்று போன் யாரிடம் இருக்க வேண்டும்?

உங்கள் ஆளிடம். தியேட்டருக்குப் போகும் வரை நீங்கள் வைத்திருந்து, கடைசியில் அவர் கையில் கொடுங்கள். யாருமே கூட வரவில்லை என்றால் வார்டில் பொருட்களைப் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மயக்க மருந்து தெளிந்த பிறகு பேசலாம், ஆனால் பேசியது பாதி நினைவில் இருக்காது. முழு மயக்கம் கொடுத்த ஆபரேஷனுக்குப் பின் 24 மணி நேரம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. போனில் பணம் அனுப்புவதையும், கோபமான மெசேஜுக்குப் பதில் எழுதுவதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். பதில் சொல்லியே நோயாளி களைத்துப்போகிறார். எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். வார்டில் நான் பார்த்தவரை, போனால் வரும் கஷ்டத்தில் பெரும்பங்கு அலையாலும் வராது, காந்தத்தாலும் வராது. அன்பால்தான் வருகிறது. அழைப்பவர் ஒவ்வொருவரும் ஒரு முறைதான் கூப்பிடுகிறார், எடுப்பவருக்கோ அது அன்றைக்குப் பத்தாவது அழைப்பு. வயிற்றில் தையலோடு படுத்திருப்பவர், “என்ன ஆச்சு, எப்படி ஆச்சு” என்ற கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசினால் வலிக்கிறது, பேசாவிட்டால் வருத்தப்படுவார்களே என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

தகவல் சொல்வதற்கு ஒருவரை நியமித்துவிடுங்கள். அவர் வார்டில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, வீட்டில் இருக்கும் தம்பியோ தோழியோ போதும். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைத்துவிட்டால் ஐம்பது வணக்கமும் நூறு கும்பிடும் வந்து குவியாது. தினம் இரண்டு மெசேஜ் போதும். “காலை 9 மணி. ராத்திரி நன்றாகத் தூங்கினார். காய்ச்சல் இல்லை. இன்று நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மாலை 6 மணிக்கு அடுத்த தகவல்.” இவ்வளவுதான். அடுத்த தகவல் எப்போது என்று சொல்லிவிட்டால் நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். எதை எல்லாருக்கும் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் நோயாளியிடம் முதலில் கேட்டுவிடுங்கள். நோயின் பெயர் அவருடைய சொந்த விஷயம்.

நோயாளியின் போனில் தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போட்டு, அவர் குரல் கேட்க ஆசைப்படும் மூன்று நான்கு பேருக்கு மட்டும் வழி விடுங்கள். மற்றவர்கள் அவசரத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிட்டால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் அது உள்ளே வரும்.

அன்பைக் காட்ட விரும்புகிறவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். முடிகிறபோது கேட்கலாம், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பிடித்ததைத் திரும்பவும் கேட்கலாம். “பதில் போட வேண்டாம், சும்மா சொல்லத் தோன்றியது” என்று முடித்தால் இன்னும் நல்லது.

ஐசியூவில் இருப்பவரைப் பற்றிப் போனில் விசாரிக்க எது நல்ல நேரம்?

நர்ஸ்கள் ஷிப்ட் மாறும் நேரமும் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும் நேரமும் வேண்டாம். இரண்டும் எப்போது என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒரே ஒருவர் மட்டும் கூப்பிட வேண்டும். நான்கு பேர் நான்கு முறை கூப்பிட்டால், பேசும் அந்த நர்ஸ் நான்கு முறை நோயாளியை விட்டு வர வேண்டியிருக்கும். அதுமட்டுமல்ல, நான்கு பேரும் நான்கு விதமாகப் புரிந்துகொள்வார்கள். சில மருத்துவமனைகள், உண்மையான உறவினர்தானா என்று தெரிந்துகொள்ளக் குறிச்சொல் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லும். கேட்டால் கோபப்படாதீர்கள், உங்கள் ஆளைப் பாதுகாக்கத்தான் அது.

மயக்கத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போனில் என் குரலைக் கேட்க வைக்கலாமா?

நர்ஸ் சம்மதித்தால் கேட்க வையுங்கள். ஐசியூவில் இருப்பவர்களுக்கு இரவு பகல் தெரியாமல், எங்கே இருக்கிறோம் என்றும் புரியாமல் மனக்குழப்பம் வருவது சாதாரணம். பழகிய குரல், கண்ணாடி, காது மெஷின், இன்று என்ன கிழமை என்ற தகவல் எல்லாம் அந்தக் குழப்பத்தைக் குறைக்கும் வழிகளாகவே பார்க்கப்படுகின்றன. 2020இல் பெருந்தொற்றின்போது பார்வையாளர்களுக்குத் தடை போட்ட மருத்துவமனைகள் பல, டேப்லெட்டைக் கட்டிலருகே பிடித்து வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தது இதனால்தான்.

சுருக்கமாகப் பேசுங்கள். நீங்கள் யார், அவர் எங்கே இருக்கிறார், இன்று என்ன நாள், வீட்டில் எல்லாரும் நலம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். “கேட்கிறதா, என்னைத் தெரிகிறதா” என்று சோதனை செய்ய வேண்டாம். வீடியோவில் முதல் முறை பார்க்கும்போது குழாய்களும் வயர்களும் உங்களை உலுக்கிவிடும், ஆகவே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று நர்ஸிடம் முன்பே கேட்டுக்கொண்டு பாருங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த அழைப்பில் உட்கார வைப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் தனியாகப் பார்த்துவிடட்டும்.

தொண்டையில் குழாய் இருக்கிறது, பேச முடியாது. போன் உதவுமா?

நன்றாகவே உதவும். போன் குறிப்பில் பெரிய எழுத்தில் டைப் அடித்துக் காட்டலாம். எழுதியதை வாசித்துச் சொல்லும் செயலிகள் தமிழிலும் உண்டு. “வலிக்கிறது”, “தாகம்”, “சளி எடுக்க வேண்டும்”, “திரும்பிப் படுக்க வேண்டும்”, “மகளைக் கூப்பிடுங்கள்” போன்ற வரிகளை முன்கூட்டியே எழுதி வைத்தால் விரலால் தொட்டாலே போதும். கை நடுங்குபவருக்குப் போன் திரை ரொம்பச் சின்னது. அவருக்கு அட்டையில் எழுதிய பெரிய எழுத்துகளும் படங்களும்தான் சரி.

வயதானவர், போனைக் கையாளத் தெரியாது. காதும் மந்தம்.

அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுக்க இது நேரமல்ல. பழகிய போனே இருக்கட்டும். முகப்புத் திரையில் இரண்டு பேரின் படத்தை மட்டும் வைத்து, தொட்டால் அழைப்பு போகும்படி செய்யுங்கள். காது மெஷின் போட்டிருப்பவருக்கு, மெஷினோடு ப்ளூடூத்தில் இணையும் போனாக இருந்தால் குரல் நேராகக் காதுக்குள் போகும். இல்லையென்றால் வீடியோ அழைப்பு நல்லது, உதட்டசைவு பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து பேசுங்கள். மெஷினின் பேட்டரியையும் போன் சார்ஜரோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை அம்மாவைத் தேடுகிறது. எப்போது வீடியோவில் பேச வைக்கலாம்?

தினமும் ஒரே நேரத்தில். நினைத்தபோதெல்லாம் பேசினால் குழந்தை போனையே பார்த்துக்கொண்டிருக்கும். தூங்கப் போகும் நேரம் சில குழந்தைகளுக்கு அழுகையைக் கிளப்பும், அவர்களுக்குச் சாயங்காலம் விளையாட்டு நேரம் நல்லது. “என்ன செய்தாய்” என்று கேட்பதைவிட, அம்மா ஒரு கதையைப் பாதி சொல்லி நிறுத்தி, மீதி நாளைக்கு என்றால் குழந்தை மறுநாளுக்காகக் காத்திருக்கும்.

சர்க்கரை அளவு பார்க்கும் சென்சார் என் போனோடு இணைந்திருக்கிறது. போனை வாங்கி வைத்துவிடுவார்களா?

முதலிலேயே நர்ஸிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அந்தப் போன் அப்போது ஒரு மருத்துவக் கருவி. ப்ளூடூத் எட்டுவது சில மீட்டர்தான், ஆகவே உங்கள் அருகிலேயே இருக்க வேண்டும். எம்ஆர்ஐக்கு முன் சென்சாரைக் கழற்ற வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

இரவில் போனை என்ன செய்வது?

சைலண்டில் போடுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல், இரவில் வார்டின் சராசரி ஒலி 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அது கிசுகிசுப்பு அளவு. கருவிகளின் சத்தமே அதைத் தாண்டிவிடும் நிலையில், ஸ்பீக்கரில் ஓடும் வீடியோவைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தாங்க மாட்டார். இயர்போன் போட்டால் ஒரு காதில் மட்டும் போடுங்கள், நர்ஸ் கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

உடம்பு திடீரென்று மோசமானால் முதலில் யாருக்குப் போன் செய்வது?

யாருக்கும் வேண்டாம். கட்டிலில் இருக்கும் பெல்லை அழுத்துங்கள். மூச்சுத் திணறுகிறது என்று மகனுக்குப் போன் செய்து, அவர் வார்டுக்குப் போன் செய்து, அதற்குள் பல நிமிடம் போய்விடும். பெல் எங்கே இருக்கிறது, எப்படி அழுத்துவது என்பதைப் போனை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

போனை எப்படிச் சுத்தம் செய்வது?

அணைத்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் முன்னும் பின்னும் துடையுங்கள். நேரடியாகத் தெளிக்க வேண்டாம், சார்ஜ் துளைக்குள் ஈரம் போகக் கூடாது. உறையைக் கழற்றித் தனியாகத் துடைக்க வேண்டும். சில வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசையாது, அந்த வார்டில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் காப்பாற்றும். ஒளி ஊடுருவும் ஜிப் பைக்குள் போனைப் போட்டுக்கொண்டாலும் திரை வேலை செய்யும், வீட்டுக்குப் போகும்போது பையைத் தூக்கி எறிந்துவிடலாம். கழிவறைக்குள் மட்டும் போனைக் கொண்டு போகாதீர்கள்.

வார்டில் போட்டோ, வீடியோ எடுக்கலாமா? டாக்டர் சொல்வதைப் பதிவு செய்யலாமா?

உங்களை நீங்கள் எடுப்பது சரி. பின்னால் பக்கத்துக் கட்டில்காரரோ, சுவரில் எழுதிய பெயரோ விழக் கூடாது. வீடியோ அழைப்பிலும் இதே கவனம் வேண்டும், கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். உடை மாற்றும் நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் யாரோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தாலே புரியும். டாக்டர் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும் என்றால் வெளிப்படையாகக் கேளுங்கள். “வீட்டில் இருப்பவர்களுக்குச் சரியாகச் சொல்லத்தான்” என்றால் பலரும் சம்மதிப்பார்கள். அதைவிட நல்ல வழி, டாக்டர் வரும்போது வீட்டில் இருப்பவரை ஸ்பீக்கரில் இணைத்து நேராகக் கேட்க வைப்பது. அதற்கும் முதலில் அனுமதி கேளுங்கள்.

மருத்துவமனை வைஃபையில் பணம் கட்டலாமா?

முடிந்தவரை உங்கள் சொந்த டேட்டாவில் கட்டுங்கள். உண்மையான ஆபத்து பெரும்பாலும் வைஃபையில் இல்லை, அழைப்பில்தான். “பில்லிங் பிரிவிலிருந்து பேசுகிறோம், உடனே பணம் அனுப்புங்கள், ஓடிபி சொல்லுங்கள்” என்று யார் சொன்னாலும் வைத்துவிட்டு, கவுன்ட்டருக்கு நேரில் போய்க் கேளுங்கள். பதற்றத்தில் இருக்கும் குடும்பத்தைக் குறிவைத்துத்தான் இப்படிப் பேசுவார்கள். நோயாளி அட்மிட் ஆன தேதி, அறை எண்ணோடு சமூக வலைத்தளத்தில் பதிவு போடாமல் இருந்தால் அவர்களுக்குக் கிடைக்கும் தகவலும் குறையும்.

படுக்கையில் இருந்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கலாமா?

முடிந்தால் வேண்டாம். விடுப்பு என்று தானாகப் பதில் போகும்படி செய்துவிட்டு, அவசரத்துக்கு ஒரே ஒரு சக ஊழியரிடம் துணைக்கு இருப்பவரின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். வலி மருந்து சாப்பிட்டுவிட்டு எழுதும் மெயிலை யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது போன் விஷயத்தில் மறக்கக் கூடாதது?

கிளம்பும் முன் மருந்துப் பட்டியலையும் டிஸ்சார்ஜ் அறிக்கையையும் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். சந்தேகம் வந்தால் எந்த எண்ணில், எத்தனை மணி வரை கேட்கலாம் என்று கேட்டுச் சேமியுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் போடுங்கள். மருத்துவமனை வைஃபை பெயரைப் போனிலிருந்து நீக்குங்கள். பின் நம்பரை யாருக்காவது சொல்லியிருந்தால் மாற்றுங்கள். வார்டில் அதிகம் விட்டுப்போவது சார்ஜர்தான், கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு முறை தேடிப் பாருங்கள். போனே காணவில்லை என்றால், அழுக்குத் துணியோடு சேர்ந்து சலவைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே வார்டில் சொல்லி அந்தத் துணிப்பையை அனுப்பாமல் நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு சிம்மை முடக்கச் சொல்லி நெட்வொர்க்குக்குப் பேசுங்கள்.